ஒற்றைக் கண் குதிரை

பழைய கார்களை விற்பவர்களிடையே 'ரெஸ்டோரேஷன் பிராஜெக்ட்' என்று ஒரு சொல் வழங்கிவருகின்றது. ஓடாத காரை, அதை ஓடச்செய்யும் பொறுப்பையும் சேர்த்து விற்பது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். வாங்குபவர் வண்டியை வாங்குவதைவிட ஒரு வேலையையே வாங்குகின்றார். அது எத்தனை ஆண்டுகள் நீளும், எவ்வளவு பணத்தை விழுங்கும் என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. சந்தையில் பழம் விற்பவர் அழுகலை அடியில் வைத்து மறைப்பார். இங்கே அழுகலை மேலே வைத்தே விற்கவேண்டியிருக்கின்றது.

அப்படியானால் இது நேர்மையான வாணிபமாகத்தானே இருக்கவேண்டும் என்று தோன்றும். பல வேளைகளில் அப்படி இருப்பதில்லை. 'பழுதுபட்டது' என்று பொதுவாகச் சொல்லிவிடுவது, எங்கே பழுது என்று சொல்லாமல் தப்புவதற்கு மிக வசதியான வழி. 'சிறிது வேலை பாக்கி', 'அடிப்பகுதி உறுதி', 'பெரும்பகுதி முடிந்துவிட்டது' என்ற விளம்பர வரிகளைப் படித்தவர்களுக்கு இது விளங்கும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பழகிய எனக்கு இந்த நடை புதிதன்று. "சாமி, நான் பெரும் பாவி" என்று தொடங்குகின்ற பலர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இங்கிலாந்தின் தென்பகுதியில், ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே, சில ஆண்டுகள் பங்குப் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அப்பகுதியிலுள்ள ஆபிங்டன் என்னும் நகரம் நம்மவர் அதிகம் அறியாதது. கேன்டர்பரியின் பேராயராக விளங்கிய புனித எட்மண்ட் பிறந்த ஊர் அது. அங்கிருந்த பெரிய பெனடிக்டைன் மடத்தை எட்டாம் ஹென்றி மன்னரின் ஆட்சியில், 1538-இல் கலைத்தார்கள். இன்று மடத்துப் பூங்காவில் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடிபாடுகள்கூட உண்மையானவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய கற்களைச் சேர்த்து அழகுக்காக அடுக்கிவைத்தவை. பழுதையும் போலியாகச் செய்யமுடியும் என்பதை அங்கேதான் அறிந்தேன்.

மடத்தை இழந்த அந்த ஊருக்குப் பிற்காலத்தில் பெயர் தேடித்தந்தது ஒரு கார்த் தொழிற்சாலை. வில்லியம் மோரிஸ் என்பவர் ஆக்ஸ்ஃபோர்டில் நடத்திய 'மோரிஸ் கராஜஸ்' என்ற நிலையத்தின் முதலெழுத்துகளே எம்.ஜி. (நம்மவர்களுக்கு அந்த இரண்டு எழுத்தும் வேறொருவரை நினைவூட்டும், அதற்கு நான் பொறுப்பல்ல.) 1929-இல் எம்.ஜி. ஆபிங்டனுக்கு இடம்பெயர்ந்தது. இருவர் அமர்ந்து செல்லத்தக்க, கூரையை மடக்கிவிட்டுக் காற்றில் பறக்கத்தக்க ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அது உலகப் புகழ் பெற்றது. அவற்றுள் எம்.ஜி.பி. என்ற வகை 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்திற்கும் மேல் தயாராயிற்று. அவ்வளவு கார்களைச் செய்த அந்த ஆலையில் தானாக நகரும் பட்டை கிடையாது. ஒவ்வொரு காரையும் தொழிலாளர்கள் கையால் தள்ளியே அடுத்த வேலைக்கு நகர்த்தினார்கள். 1979 செப்டம்பரில் ஆலை மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 1980 அக்டோபரில் கடைசிக் கார் வெளியேறியது.

என் பங்கில் வாழ்ந்த ஒரு மூதாட்டியின் கணவர் பதினேழு வயதில் அந்த ஆலைக்குள் நுழைந்தவர். இருக்கைகளும் உள்விரிப்புகளும் பொருத்துவது அவர் வேலை. மூடிய நாள்வரை இருந்தார். பிறகு ஏதேதோ வேலைகள். 1994-இல், ஒரு பண்ணையின் கொட்டகையில் கோழிகள் அடைந்துகிடந்த 1971-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ஒன்றை விலைக்கு வாங்கி வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். அதன் இருக்கைகளைத் தாமே பொருத்தியிருக்கக்கூடும் என்பது அவருடைய கணக்கு. கால் நூற்றாண்டு காலம் மாலை நேரங்களிலும் சனிக்கிழமைகளிலும் அதைச் சீர்செய்துகொண்டே இருந்தார். கார் ஒருநாளும் சாலைக்கு வரவில்லை. அவர் இறந்த பிறகே நான் அந்தப் பங்கிற்குச் சென்றேன்.

மாதம் ஒருமுறை அவ்வம்மையாருக்கு நற்கருணை கொண்டுசெல்வது வழக்கம். ஒருநாள் கொட்டகையைத் திறந்து காரைக் காட்டினார். கரும்பச்சை நிறம். முன்மூடியைத் தூக்கியதும் எனக்கு வியப்பு. பழகிய முகத்தைக் கண்டதுபோல் இருந்தது! எங்கள் ஆயர் இல்லத்தின் வெள்ளை அம்பாசடர் அல்லவா உள்ளே உட்கார்ந்திருக்கின்றது! காரணம் இல்லாமல் இல்லை. நம் அம்பாசடர் பிறந்ததே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கிலக் காரின் அச்சிலிருந்துதான். அதன் பெட்ரோல் வகையில் நெடுங்காலம் இருந்த 1489 சி.சி. எஞ்சினும், எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினும் 'பி சீரீஸ்' என்ற ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்று நம் நாட்டில் ஆயர்களையும் ஆட்சியர்களையும் மணமக்களையும் சுமந்து, 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை உழைத்தது. மற்றது ஆங்கிலேய இளைஞர்களைக் கடற்கரைக்கு அழைத்துச்சென்றது. இளங்குருவாக இருந்தபோது அம்பாசடரின் கார்புரேட்டரோடு நான் பட்ட பாடுகளைச் சொன்னேன். கணவர் இறந்தபின் அந்தக் கொட்டகையில் தாம் சிரிப்பது இதுவே முதல்முறை என்றார்.

அதன்பின் சில மாதங்களில் அவர் வீட்டை விட்டு, மகள் வாழும் ஊரில், முதியோருக்கான ஒரு சிறு குடியிருப்புக்குச் செல்லவேண்டியதாயிற்று. அங்கே கொட்டகை கிடையாது. இலண்டனில் பணிபுரியும் மகன் காரை விற்க விளம்பரம் எழுதி அனுப்பியிருந்தார். மூவாயிரம் பவுண்டு. "இந்த எஞ்சினை அறிந்தவர் நீங்கள் ஒருவரே, படித்துப்பாருங்கள் ஃபாதர்" என்று தாளை என்னிடம் நீட்டினார். இனிச் சொல்லப்போவது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. கொட்டகையில் தேநீர்க் கோப்பையோடு கேட்டது. அவருடைய இசைவோடுதான் எழுதுகின்றேன்.

விளம்பரத்தில், 'அடிச்சட்டங்கள் புதுப்பிக்கப்பட்டவை' என்று ஒரு வரி. அவ்வரியின்மேல் விரலை வைத்து, "இது பொய்" என்றார். "மகனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். விளக்குப் பிடித்தவள் நான்."

இந்த வகைக் கார்களுக்குத் தனியான அடிச்சேஸிஸ் கிடையாது. தகடுகளை மடித்துப் பற்றவைத்த உடலே வண்டியின் எலும்பும் ஆகும். அதிலும் கூரையற்ற காரில், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் இருபுறமும் ஓடும் இரும்புப் பெட்டிச் சட்டங்களே பெரும் பாரத்தைத் தாங்குகின்றன. முன்சக்கரம் வாரியடிக்கும் ஈரச்சேறு சக்கரத்திற்குப் பின்னாலுள்ள சந்தில் தங்கி, அச்சட்டங்களை உள்ளிருந்து தின்னத் தொடங்கும். ஒன்றன்பின் ஒன்றாகத் தகடுகள் இருப்பதால், உள்ளே தூளாகிப்போன பிறகும் வெளித்தகடு மினுங்கிக்கொண்டிருக்கும். முறையான வைத்தியம் ஒன்றே. கதவு வாசல் நெளிந்துவிடாதபடி குறுக்குக் கம்பி கொடுத்து, அழுகிய பகுதியை வெட்டியெறிந்து, புதுத் தகடுகளை வரிசையாகப் பற்றவைக்கவேண்டும். முறையற்ற வைத்தியமும் உண்டு. நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள் 'பட்டி பார்ப்பது' என்பார்களே, அதுதான். ஓட்டையில் பட்டியை அப்பி, தேய்த்து, வண்ணம் பூசிவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி நம் ஆண்டவர் பேசியபோது கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை; கார்ப் பட்டறைக்காரர்களுக்கும் தேவைப்படாது.

வலப்பக்கச் சட்டத்தை அந்த மனிதர் முறையாகச் செய்திருந்தார். இடப்பக்கத்திற்கு வந்தபோது கைகள் நடுங்கத் தொடங்கிவிட்டன. நடுக்குவாத நோய். பற்றவைக்கும் கருவியைப் பிடிக்க முடியவில்லை. ஒரு குளிர்கால மாலையில் பட்டியை அள்ளி அப்பினார், வண்ணமும் பூசினார். மனைவி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரும் அதைப்பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

"சொல்லாவிட்டால் வாங்குபவரை ஏமாற்றுகின்றேன். சொன்னால், கைத்திறனுக்குப் பெயர்போன என் கணவர் கடைசியில் இப்படிச் செய்தார் என்று ஊரெல்லாம் பேசும். அவரே இல்லாதபோது அவர் குறையை நான் எப்படி விற்பது?" என்றார் அம்மையார். ஆயிரம் பவுண்டு விலை குறையும் என்பது அதற்கு அடுத்த கவலை. அதுவும் சிறிய கவலையன்று. புதுக் குடியிருப்பிற்கு அவருக்குப் பணம் தேவைப்பட்டது.

குருமடத்தில் அறநெறி இறையியல் படித்த நாளில், புனித அக்வினா தோமையாரின் இறையியல் பெருநூலில் வாங்கல் விற்றலில் நிகழும் ஏமாற்றைப் பற்றிய பகுதியைத் தேர்வுக்காகவே படித்தேன். இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பிரிவில், எழுபத்தேழாம் வினா. விற்பவர் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவரா என்று அவர் கேட்கின்றார். அவர் தருவது கண்மூடித்தனமான கண்டிப்பு அன்று. குறை மறைவானதாகவும், வாங்குபவருக்கு ஆபத்தோ இழப்போ விளைவிப்பதாகவும் இருந்தால் சொல்லியே தீரவேண்டும் என்கின்றார். நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரை என்றும், விழப்போகும் வீட்டை உறுதியான வீடு என்றும் விற்பதை எடுத்துக்காட்டுகின்றார். ஆனால் குறை வெளிப்படையாகத் தெரிவதாக இருந்து, அதற்குத் தக்கபடி விலையும் குறைக்கப்பட்டிருந்தால் வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை. அதற்கு அவர் சொல்லும் உவமை ஒற்றைக் கண் குதிரை. பஞ்சம் நிலவும் ஊருக்குத் தானியம் கொண்டுவந்த வணிகர், பின்னால் இன்னும் பல வணிகர் வருகின்றார்கள் என்று சொல்லக் கடமைப்பட்டவரா என்று சிசரோ எழுப்பிய பழைய கேள்விக்கும் தோமையார் விடையளிக்கின்றார்: நீதி அதைக் கேட்பதில்லை, சொன்னால் அது மேலான நற்குணம். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி ஒருவருக்குச் சந்தையைப் பற்றி இவ்வளவு தெரிந்திருந்தது எனக்கு இன்றும் வியப்பே.

இதை நான் விளக்கியபோது அம்மையார் கூர்மையாக ஒன்று கேட்டார். "குதிரைக்கு ஒரு கண் இல்லை என்று சொல்லிவிடுகின்றேன். அந்தக் கண்ணைக் கெடுத்தது யார் என்றும் சொல்லவேண்டுமா?"

வேண்டியதில்லை என்றேன். தோமையார் கேட்பது பொருளின் குறையை. குறைக்குக் காரணமானவரின் பெயரையன்று. தக்க காரணமின்றிப் பிறருடைய மறைவான குறையை வெளியிடுவதைத் தனியொரு பாவமாகவே அவர் வேறிடத்தில் எண்ணுகின்றார். இறந்தவரின் நற்பெயருக்கும் அது பொருந்தும் என்பது என் துணிபு. ஆகவே இரண்டு கடமைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளவில்லை. 'இடப்பக்க அடிச்சட்டம் உள்ளே அழுகியுள்ளது. மேலே தெரிவது பட்டி. முழுவதும் வெட்டி மாற்றவேண்டும்' என்று மூன்று வரிகளை அன்றே எழுதினோம். விலையை இரண்டாயிரமாகக் குறைத்தார்.

மகன் தொலைபேசியில் வருத்தப்பட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. தாயின் நலனை எண்ணியே பேசினார். வாங்குபவர் சோதித்துப் பார்த்து வாங்கட்டும் என்பது ஒரு பழைய நெறி. தனியாள் தனியாளுக்கு விற்கும் விற்பனையில் இங்கிலாந்தின் சட்டமும் பெரும்பாலும் அந்த வழியே செல்கின்றது. சொன்னது பொய்யாக இருக்கக்கூடாது. சொல்லாமல் விட்டதற்கு வாங்கியவரே பொறுப்பு. பொய்யான வரியை நீக்கிவிட்டு வாய்மூடி இருந்தாலே போதுமே என்பது மகனின் வாதம். தோமையாருக்கு இதுவும் தெரிந்திருந்தது. மனிதச் சட்டம் பலதரப்பட்ட மக்களுக்காக இயற்றப்பட்டது. நற்குணத்திற்கு மாறான அனைத்தையும் அதனால் தடுக்க இயலாது. அது விட்டுவைத்ததையும் இறைச்சட்டம் விட்டுவைக்காது என்பார். தாய் மகனிடம் தோமையாரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "வாங்குகிறவன் தன் பிள்ளையை அதில் ஏற்றிக்கொண்டு போவான்" என்று மட்டும் சொன்னார்.

முதலில் வந்தவர் ஒரு வியாபாரி. காரை உற்றுப் பார்க்கக்கூட இல்லை. கம்பிச் சக்கரங்கள், இரட்டைக் கார்புரேட்டர், பளபளக்கும் முன்தடுப்பு ஆகியவற்றை எண்ணிக்கொண்டு, கேட்ட இரண்டாயிரத்தையும் கையில் தர முன்வந்தார். பிரித்து உதிரியாக விற்பது அவர் எண்ணம். அதில் தவறொன்றுமில்லை, வேறு பத்துக் கார்கள் அதனால் பிழைக்கும். அம்மையார் இரண்டு நாள் தவணை கேட்டார்.

மறுநாள் ஒருவர் தம் மகளோடு வந்தார். தொழிற்கல்லூரி ஒன்றில் பற்றவைப்பு கற்றுக்கொடுப்பவர். ஜாக்கியை வைத்துக் காரை ஒருபக்கம் மெல்லத் தூக்கினார். கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள சந்து வலப்பக்கம் அசையவில்லை. இடப்பக்கம் கண்ணெதிரே சுருங்கியது. சட்டத்தில் உயிரில்லை என்பதற்கு அதுவே சான்று. மகள் கீழே படுத்து, ஒரு திருப்புளியால் பட்டியைத் தட்டிக் கேட்டாள். இந்த வகைக் காருக்குப் பழைய அச்சுகளைக் கொண்டே முழு உடலையும் 1988 முதல் புதிதாகச் செய்து விற்கின்றார்கள். அதை வாங்கிப் பழைய பாகங்களை அதில் மாட்டிவிடலாமே என்று தகப்பனாரிடம் கேட்டேன். மாட்டலாம், ஆனால் அழுகியதை மட்டும் வெட்டி, இருப்பதை இருக்கவிடுவதே தமக்குப் பிடிக்கும் என்றார். உயிர்த்தெழும் உடலில் நாம் வெட்டியெறிந்த முடியும் நகமும் திரும்பி வருமா என்று புனித அகுஸ்தினார் தம் 'இறைவனின் நகரம்' நூலின் கடைசிப் பகுதியில் ஆராய்ந்தது நினைவுக்கு வந்தது. எத்தனை தகடுகளை மாற்றினால் கார் வேறு காராகிவிடும் என்று அவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! குருமடத்தில் இத்தகைய கேள்விகளைக் கேலிசெய்த மாணவர்களில் நானும் உண்டு.

வலப்பக்கத்தை நெடுநேரம் தடவிப்பார்த்த பின் அந்த ஆசிரியர், "இது மிகத் தேர்ந்த கை. இடப்பக்கம் செய்தவர் வேறு ஆளா?" என்றார். தீய நோக்கமில்லாத கேள்வி. நான் அம்மையாரைப் பார்த்தேன். அவர் விடையளிக்கக் கடமைப்பட்டவர் அல்லர்.

"ஒரே கைதான். அப்போது நடுங்கிக்கொண்டிருந்தது" என்றார்.

ஆசிரியர் தலையசைத்தார். வேறொன்றும் பேசவில்லை. வேலைக் குறிப்பேடு ஏதேனும் உண்டா என்று சற்று நேரம் கழித்துக் கேட்டார். இருந்தது. எண்ணெய்க் கறை படிந்த மூன்று நோட்டுகள், கருவிப்பெட்டியின் அடியில். கணவர் இறந்தபின் அம்மையார் அவற்றைத் திறந்ததில்லை. மகள் கடைசி நோட்டின் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி, அதை அம்மையாரிடம் கொடுத்தாள். கோணல் எழுத்தில் தேதி. அதன்கீழ், இடச்சட்டம் தற்காலிகமாக மூடப்பட்டது என்றும், வசந்தம் வந்ததும் வெட்டி முறையாகச் செய்யவேண்டும் என்றும் எழுதியிருந்தார். அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்திற்கு முடிந்தது. வியாபாரியின் விலையைவிட நூறு குறைவு. வண்டியின் பதிவுத் தாளில் கையொப்பமிட உதவினேன். அந்நாட்டுப் பதிவுத் தாளில் ஒரு விந்தை உண்டு. அதில் பெயர் எழுதப்பட்டிருப்பவர் வண்டியின் உரிமையாளர் என்று பொருளில்லை. பதிவுபெற்ற 'காப்பாளர்' மட்டுமே என்று அத்தாளே சொல்கின்றது. நிலமும் பொன்னும் நம்முடையவை என்று எண்ணி வாழும் மக்களுக்குப் பொறுப்பாளர் நிலையைப் பற்றி நான் எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கின்றேன். ஓர் அரசு அலுவலகம் அதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடும் என்று எதிர்பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை இழுவண்டியோடு வந்தார்கள். நெடுநாள் நின்றதால் பின்சக்கரத்து பிரேக் இறுகிப் பிடித்திருந்தது. சுத்தியலால் தட்டித் தட்டித்தான் விடுவிக்க முடிந்தது. அதன்பின் அந்த ஆசிரியரும் மகளும் நானும் பின்னால் கைவைத்துத் தள்ளினோம். அம்மையாரும் வந்து ஓர் ஓரத்தில் கைவைத்தார். ஆலையிலும் இப்படித்தான் தள்ளுவார்களாம் என்றார். காரைக் கயிறு போட்டுக் கட்டி முடித்துப் புறப்படும் நேரத்தில், "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் சென்றார். பழச்சாந்துக் கண்ணாடி ஜாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உள்ளே திருகாணிகள், வளையங்கள், பித்தளை முடிச்சுகள். ஒவ்வொன்றிலும், எந்த இடத்திற்கு உரியது என்று எழுதிய ஒரு சீட்டு. பதினெட்டு ஜாடிகளையும் அந்தப் பெண் தன் மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டாள்.